நல்ல தியேட்டர் சிஸ்டர் என்று பேர் வாங்குவது எப்படி?

வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றலாகி வரும் சிஸ்டர்களுக்கு வாழ்த்து. அட்டெண்டர் தொல்லை கிடையாது, ஏ.சி. உண்டு, நோயாளி வாய் திறக்க மாட்டார் என்று சொல்லித்தான் உங்களை அனுப்பியிருப்பார்கள். மூன்றும் உண்மை. அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சீஃப், அதாவது தலைமை சர்ஜன், வாயால் ‘நல்ல சிஸ்டர்’ என்று பேர் வாங்குவதே நம் லட்சியம். விரல், நுரையீரல், இடுப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஊசி, கத்தி. சீஃப் கையை நீட்டுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். நீட்டிய கையில் நீடில் ஹோல்டர் வந்து உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் அதே கை ஊசியோடு திரும்பி வரும், எந்தப் பக்கம் முனை என்று அதற்கே தெரியாது. நீங்கள் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் ஒரு கிட்னி ட்ரேயை வைத்து, ஒருவர் வைக்க மற்றவர் எடுக்க, இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் கருவியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ‘நியூட்ரல் ஸோன்’ என்பார்கள். ட்ரே நம் தியேட்டரிலேயே அடுக்கிக் கிடக்கிறது, காசு செலவில்லை. ஆனால் அதை எடுத்து வைத்தால், “என்னம்மா இது, புதுசா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் ஸ்டோரில் இண்டெண்ட் போட்டால் கிடைப்பதில்லை. எனவே ட்ரே வேண்டாம்.

முனை மழுங்கிய தையல் ஊசி கேட்பதும் கூடாது. தசையையும் அதன் மேலுறையையும் தைக்க அதுவே போதும் என்று அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. உட்பட மூன்று அரசு அமைப்புகள் 2012-ல் சேர்ந்தே பரிந்துரைத்தன. நம் சீஃப் முப்பது வருஷமாகக் கூர் ஊசியில் தைக்கிறவர். நியாயமாகச் சொன்னால் அவர் விரலில்தான் அதிகம் குத்துகிறது. அவரே பொறுத்துக்கொள்ளும்போது உங்களுக்கென்ன? இரண்டு ஜோடி கையுறை போட்டால் உள் கையுறை ஓட்டையாவது வெகுவாகக் குறையும் என்பதும் நிரூபணமான சங்கதி. இன்சார்ஜின் நோட்டில் கேஸுக்கு ஒரு ஜோடி என்று இருக்கிறதே, அதுவும் நிரூபணமானதுதான்.

குத்திவிட்டால்? மூச்சு விடாதீர்கள். தியேட்டரில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மாப் கவுண்ட், ஊசி கவுண்ட். ஒரு ஊசி காணவில்லை என்றால் வயிற்றை மூட மாட்டார்கள். ஆளாளுக்குத் தரையில் மண்டி போட்டுத் தேடுவார்கள், எக்ஸ்ரேகூட எடுப்பார்கள். அந்த ஊசி உங்கள் விரலில் இருந்து கிடைத்தால் கவுண்ட் சரியாகிவிட்டது, கேஸ் முடிந்தது. உங்கள் விரலுக்குத் தனிக் கணக்கு கிடையாது.

எண்களைச் சொன்னால் பயப்படுவீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு எச்ஐவி இருந்து, அந்த ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்கு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை. எச்ஐவி என்றால் தியேட்டரே நடுங்கும், ‘பி’ என்றால் யாருக்கும் முகம் மாறாது. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லா ஊழியருக்கும் ‘பி’ தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று 2016-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மூன்று தவணையும் முடிந்ததா, அது பலித்ததா என்று டைட்டர் பார்த்தார்களா என்றெல்லாம் கேட்டு நிர்வாகத்தைச் சங்கடப்படுத்த வேண்டாம். படிக்கும்போது ஏதோ போட்டார்களே, அது போதும்.

அடுத்தது புகை. திசுவைச் சுடும் காட்டரியை வைத்தால் எழும் அந்த வாசம் உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். அதில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் உண்டு. ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் எரித்த புகை, மரபணுவைக் கெடுக்கும் திறனில் ஆறு சிகரெட்டுக்குச் சமம் என்று 1981-லேயே ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் கட்டியிருக்கும் மாஸ்க்கை நம்பாதீர்கள், அது உங்கள் எச்சில் காயத்தில் விழாமலிருக்கத் தந்தது. புகையை எழும் இடத்திலேயே உறிஞ்ச ஒரு கருவி இருக்கிறது. அது கட்டாயம் என்று ரோட் ஐலண்ட் மாநிலம் 2018-ல் சட்டம் போட்டது. நமக்குச் சிக்கனமான வழி, மூச்சைப் பிடித்துக்கொள்வது. தைராய்டு கேஸ் என்றால் கொஞ்சம் நீளமாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

எலும்பு கேஸ் நாளில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷின் வரும். லெட் ஏப்ரன் சீஃபுக்கு, அசிஸ்டெண்டுக்கு, மயக்க மருந்து டாக்டருக்கு என்ற வரிசையில் போய், உங்கள் முறை வரும்போது ஸ்டாண்டு காலியாக இருக்கும். மிச்சமிருந்தால் அது மடித்துப் போட்டு உள்ளே வெடித்த ஏப்ரனாக இருக்கும். சீஃபின் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள், நல்ல அகலம். கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மட்டும் பத்திரமாக அலமாரியில் பூட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை ரிப்போர்ட் வரும், அலமாரிக்குக் கதிர்வீச்சு ஒன்றும் படவில்லை என்று.

கர்ப்பமாக இருந்தால் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும். இது வீட்டுப் பெரியவர்கள் சட்டம். கர்ப்பத்தைத் தெரிவித்துவிட்டால் அதன்பின் சிசுவுக்குக் கதிர்வீச்சு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. தெரிவித்தால்தான் அந்த விதிக்கு உயிர். சிசுவின் உறுப்புகள் உருவாவது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். மாமியாருக்கும் வாரியத்துக்கும் நடுவே நீங்கள் சி-ஆர்ம் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். சொன்னால் டூட்டி மாற்றுவார்களா, ஒப்பந்தத்தையே முடிப்பார்களா என்ற கவலை ஒப்பந்த சிஸ்டர்களுக்கு இன்னொரு பக்கம். கண் படுவதைவிட இதுதான் பெரிய பயம் என்று நினைக்கிறேன்.

மயக்க வாயுவை வெளியேற்றும் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று ஆராய வேண்டாம். கருவிகளைக் கிருமி நீக்க ஊறவைக்கும் சைடெக்ஸ் டப்பாவைத் திறந்ததும் கண் எரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நூறு கிலோ நோயாளியை மேசையிலிருந்து ட்ராலிக்கு மாற்ற வழுக்குப் பலகை தேவையில்லை, “ஒண்ணு, ரெண்டு, மூணு” போதும்.

இதெல்லாம் தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1889-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸின் கைகள், கிருமிநாசினியாக வைத்த மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் வெந்து புண்ணாயின. அவருடைய சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்வித்தார். நோயாளிக்காக என்று இன்று உலகமே போட்டுக்கொள்ளும் அந்தக் கையுறை, அங்கே ஒரு நர்ஸின் தோலுக்காக வந்தது. மறு வருஷம் ஹால்ஸ்டெட் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். உங்கள் சீஃப் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ட்ரேயை அனுமதித்தால் போதும்.

இனி வருவது கேலி இல்லை. ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். கேஸ் முடியட்டும் என்று காத்திராமல் ஆள் மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஏ.ஆர்.டி. மையம் உள்ள அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். நடந்ததைத் தேதி, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லுங்கள். அப்படியொரு ரிஜிஸ்டரே இல்லை என்றால் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உங்கள் பெயரையே எழுதி இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்குங்கள்.