குசலம் விசாரிக்கும் கணினி

கேள்வி: மறுமுனைக் கணினி மின்வெட்டில் அணைந்த பின்னும், இணைப்பு உயிரோடிருப்பதாக என் கணினி நம்புகிறதே, ஏன்?

பதில்: டி.சி.பி. நெறிமுறையின் சாஸ்திரப்படி மௌனமும் மரணமும் ஒன்றல்லவாதலால், தானும் ஒன்றும் அனுப்பாதவரையில், விடைபெறாமல் மறைந்த துணை மௌன விரதம் பூண்டிருப்பதாகவே அது பாவிக்கிறது. உயிர்ப்புச் சோதனையை இயக்கிவைத்தாலும், லினக்ஸ் சம்பிரதாயத்தில் 7,200 விநாடிகள் பொறுத்திருந்து, பிறகு 75 விநாடிக்கொரு முறையாக 9 தடவை குசலம் விசாரித்து, ஒன்றுக்கும் மறுமொழி வராத பின்னரே, அதாவது சுமார் 2 மணி 11 நிமிஷங்கள் கழித்தே, அந்திமக் கிரியை நடத்தும். க்ஷண நேரத் தடங்கலால் நல்ல இணைப்பும் அகால மரணமடையலாகாது என்பதே 1989-ஆம் வருஷத்து இணைய விதிகள் இதில் நிதானம் காட்டியதற்கு ஒரு காரணம். அவசரக்காரர் அவகாசத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் விநாடிதோறும் ‘உயிரோடிருக்கிறீரா?’ என்று கேட்டால் எந்தச் சிநேகந்தான் நிலைக்கும்?