ஆளுக்கேற்ற நீளம்

ஃபுளோரிடாவில் வீடு பார்க்கிற தமிழர் முதலில் வாசல் எந்தத் திசை என்று கேட்பார். அப்புறம் பள்ளிக்கூடம். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே வேண்டாம். பில்டரின் ஆள் தானாகவே திரையை விலக்கிக் காட்டுவார். பளபளவென்று ஒரு குளம். வாட்டர் வியூ. அதற்கென்று தனியாக லாட் பிரீமியம்.

அந்தப் பிரீமியத்தைக் கட்டிக் குடிபுகுந்தவர்தான் நமது குளத்தடி அண்ணன். டாம்பாவுக்கு வடக்கே வெஸ்லி சேப்பல், லேண்ட் ஓ லேக்ஸ் பக்கம் போனால் தெருவுக்கு ஒருவர் தென்படுவார். ஆர்லாண்டோவிலும் ஜாக்சன்வில்லிலும் உண்டு. அத்தனை பேரையும் ஒரே ஆளாகச் சுருட்டி எழுதுகிறேன். என்னைத்தானே எழுதினாய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

குளம் என்றதும் படித்துறை, அரசமரம், பிள்ளையார் என்று கற்பனை ஓட வேண்டியதில்லை. ஃபுளோரிடா தட்டையான பூமி. பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர். கொட்டுகிற மழை ஓடிப்போக இடமில்லை. ஆகவே புதுக் குடியிருப்பு கட்டுகிறவர்கள், கூரையிலும் தார்ச்சாலையிலும் விழுகிற மழையைத் தேக்கி, அழுக்கை அடியில் படியவிட ஒரு பள்ளம் வெட்டியாக வேண்டும். வெட்டிய மண்ணையே கொட்டி மேடாக்கி வீடுகளைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் நின்றால் மீன் வரும். மீனுக்குக் கொக்கு வரும். ஆமை வரும். இவ்வளவும் கூடின இடத்துக்கு அலிகேட்டரைப் பத்திரிகை வைத்தா அழைக்க வேண்டும்? மாநிலத்தில் சுமார் 13 லட்சம் இருப்பதாக அங்குள்ள வனவிலங்கு ஆணையத்தின் கணக்கு. 67 கவுண்டிகளில் ஒன்றுகூட பாக்கி இல்லை.

அண்ணன் குடிபோய்ச் சில மாதம் கழித்து, ஒருநாள் சாயங்காலம், குளத்தின் நடுவில் இரண்டு கண்ணும் இரண்டு மூக்குத்துளையும் மிதந்தன. அந்த இடத்தில் மனிதனுக்கு இரண்டே வழி. கூடுதல் பணம் கொடுத்து ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் முதலையையும் சொத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணன் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அது 'நம்மாளு'. சொத்து என்று ஆகிவிட்டால், வருமான வரிக்காரரிடம் ஒரு மதிப்பும் சம்பந்தியிடம் ஒரு மதிப்பும் சொல்வது உலக வழக்கம்தானே? நம்மாளின் நீளமும் அப்படித்தான்.

நியூஜெர்சியிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருக்கிறது என்று வையுங்கள். வலை அடித்த பின்கட்டு வராந்தாவில், அங்கே அதை லனாய் என்பார்கள், எல்லோரையும் உட்காரவைத்து, டபரா செட்டில் காப்பி கொடுத்து, விளக்கைக் குறைத்துவிட்டுத்தான் அண்ணன் ஆரம்பிப்பார்.

"ஒம்போதடி."

"எப்படிண்ணே சொல்றீங்க? தலை மட்டும்தானே தெரியுது?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே எத்தனை அங்குலமோ, உடம்பு அத்தனை அடி. இது அண்ணன் கண்டுபிடித்ததல்ல. அங்கே எல்லோரும் சொல்கிற, ஓரளவு சரியாகவே வருகிற கணக்கு. அக்கரையில் இருட்டில் கிடக்கிற மூஞ்சியில் ஒன்பது அங்குலத்தை இக்கரையிலிருந்தே அளந்ததுதான் அண்ணன் கண்டுபிடிப்பு.

பிறகு பாடம் தொடங்கும். வாயை மூடியிருக்கும்போது கீழ்ப்பல் வெளியே தெரிந்தால் அது குரோக்கடைல், தெற்கே மயாமிப் பக்கம் உண்டு; தெரியாவிட்டால் நம்மாளு. துரத்தினால் வளைந்து வளைந்து ஓடணும் என்று சொல்கிறார்களே, சுத்தப் பொய், நேரா ஓடணும். தரையில் அதுக்கு மூச்சு வாங்கிடும், ரொம்ப தூரம் வராது. அந்தி சாய்ந்து விடிகிற வரைக்கும் கரைப் பக்கம் போகக் கூடாது. நாய்க்குட்டியைத் தண்ணீர் ஓரமாக நடத்திக்கொண்டு போவது அதுக்கு இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. மச்சானின் பையன், "அங்கிள், நீங்க ஓடியிருக்கீங்களா?" என்று கேட்டால், "ஓட வேண்டிய அவசியம் வரலப்பா" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்.

கிண்டலைக் கொஞ்சம் நிறுத்திவைத்து ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில், அதன் இணைசேரும் பருவத்தில், விடியற்காலையில் அந்த லனாயில் உட்கார்ந்திருப்பது சாதாரண அனுபவம் அல்ல. ஆண் முதலை தலையையும் வாலையும் தண்ணீருக்கு மேலே தூக்கி வில்லாக நிற்கும். முதலில் சத்தமே வராது. நம் காதுக்கு எட்டாத அளவு தணிந்த ஓர் அதிர்வு உடம்புக்குள்ளிருந்து கிளம்பும். முதுகின் மேல் நிற்கிற தண்ணீர் பொடிப்பொடித் துளியாகத் துள்ளிக் குதிக்கும். அதற்குப் பின்னால்தான் உறுமல். அந்த நேரத்தில் அண்ணன் அடிக்கணக்கு பேசுவதில்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கும், கவனிக்க மாட்டார்.

இதே அண்ணன், ஊரிலிருந்து அம்மா வந்தால், குளத்தில் முதலையே இல்லை என்பார். ஆறு மாத விசாவில் வந்திருக்கிற கிழவி பயந்துபோய் அடுத்த விமானத்துக்கே டிக்கெட் கேட்டால் என்ன செய்வது?

"அது என்னப்பா, நீளமா மிதக்குது?"

"கட்டைம்மா."

மறுநாள் அம்மா மறுபடி வந்து நிற்பார்.

"ஏம்ப்பா, அந்தக் கட்டை நேத்து அந்தக் கரையில இல்ல கெடந்துச்சு?"

"காத்துல நகந்திருக்கும்மா."

"காத்து எதுத்தாப்புல அடிக்கயில இந்தப் பக்கம் எப்படிப்பா நகரும்?"

அண்ணன் மறந்துபோன விஷயம், அம்மா அணைக்கரைக்காரர். கொள்ளிடத்து முதலையைக் கரையில் நின்று பார்த்து, ஆட்டைப் பறிகொடுத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வளர்ந்தவர். சுந்தரர் அவிநாசியில் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்டுக் கொடுத்த கதையை ஐந்து வயதிலேயே கேட்டவர். "அணைக்கரையில பொறந்தவகிட்ட முதலையக் கட்டைன்னு சொல்ற. ஆறடிகூட வராது இது. இதுக்குப் போயி வலை அடிச்சு உக்காந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதில் நிஜத்துக்குக் கிட்டத்தட்ட வந்த ஒரே அளவு அதுதான் என்பது பின்னால் தெரிந்தது.

முதலைதான் என்று அம்மாவுக்குத் தெரிந்தபின் வேறு தொல்லை. மிச்சமான இட்லியைத் தட்டில் எடுத்துக்கொண்டு அம்மா கொல்லைப்பக்கம் இறங்கிவிட்டார். அண்ணன் பதறி ஓடினார். ஃபுளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். மனிதன் சோறு போடுவான் என்று பழகிவிட்டால் அதற்கு மனிதனிடம் உள்ள பயம் போய்விடும். பயம் போன முதலை, அடுத்த வேளை சோற்றோடு வருகிறவனையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

"காக்காய்க்கு வைக்கலாமா?"

"வைக்கலாம்மா."

"அப்ப இது என்ன பாவம் பண்ணுச்சு?"

இதற்கு வனவிலங்கு ஆணையத்தின் கையேட்டில் பதில் இல்லை.

அண்ணனின் முழுத் திறமையும் வெளிப்படும் இடம் பொங்கல் விழா. பூங்காவில் சாப்பாட்டு வரிசை நகர நகரப் பேச்சு வளரும். ஆர்லாண்டோவுக்கு வடக்கே லாங்வுட், லேக் மேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருப்பார். அவருக்குக் கரடி. "எங்க ஏரியாவுல குப்பைத் தொட்டிக்கே பூட்டு" என்பார் சாதாரணமாக, நகைக்குப் பூட்டு என்கிற தொனியில். நம் அண்ணனின் முதலை அந்த வினாடியில் ஒன்பதிலிருந்து பத்தரை அடியாகும். கரடிக்காரர் ஒரு குட்டி சேர்ப்பார். மயாமிக்காரர், குளிர் அடித்தால் இகுவானா விறைத்துப்போய் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுகிறதையும், எவர்கிளேட்ஸில் பர்மிய மலைப்பாம்பு பெருகிப் போனதையும் சொல்லி இருவரையும் வாயடைக்கப் பார்ப்பார். அண்ணன் பன்னிரண்டடிக்குப் போய்விடுவார். ஃபுளோரிடாவின் சாதனை அலிகேட்டரே 14 அடி 3½ அங்குலம்தான் என்பதால் இன்னும் ஓர் இரண்டடி கைவசம் இருக்கிறது.

இதற்கிடையில் பாயசக் கிண்ணத்தோடு ஒரு பையன் ஓரமாக நிற்பான். போன வாரம் புல் வெட்டப் போய் நெருப்பெறும்புப் புற்றில் கால் வைத்தவன். கணுக்கால் இன்னும் கொழுக்கட்டையாக வீங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் வனவிலங்கிடம் உண்மையாகக் கடிபட்டவன் அவன் ஒருவன்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அலிகேட்டர் வம்புக்குப் போகாதவர்களை வைத்தியம் பார்க்கிற அளவுக்குக் கடிப்பது மாநிலம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக எட்டுப் பேரைத்தான். எறும்புக்கு அப்படிக் கணக்கு வைக்க ஆள் போதாது. கோல்ஃப் விதிப்புத்தகமாவது நியாயமாக நடந்துகொள்கிறது. பந்து ஆபத்தான விலங்குக்குப் பக்கத்தில் விழுந்தால் அபராதம் இல்லாமல் வேறு இடத்தில் வைத்து அடிக்கலாம் என்கிற 16.2-ஆம் விதியில், அலிகேட்டரையும் கரடியையும் நெருப்பெறும்பையும் ஒரே வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

அண்ணனும் கோல்ஃப் ஆடுவார். அம்மாவிடம் முதலையைக் கட்டை என்றவர், பந்து சகதியில் விழுந்த நாளில் கட்டையை முதலை என்று சாதித்து, அபராதமில்லாமல் பந்தை மேட்டுக்கு எடுத்துவந்ததை நான் கூடவே நின்று பார்த்தேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணிக்கு முதலையிடம் பகையும் இல்லை, பெருமையும் இல்லை. கொல்லையில் கருவேப்பிலைத் தொட்டி, ஒரு முருங்கை, நாலு கத்தரிச்செடி. ஒரு ஏப்ரல் மாதக் காலையில் கருவேப்பிலை பறிக்கப் போனால், தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் நம்மாளு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இணை தேடி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு நடைபோடுகிற மாதம் அது. அண்ணன் உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு, ஆணையத்தின் தொல்லை முதலை எண்ணுக்கு போன் போட்டார்.

எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார்கள். நாலடிக்குக் கீழே இருந்தால், வழிதவறி வீட்டுக்குள்ளேயே புகுந்தால் தவிர, அதைத் தொல்லை முதலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலடியோ அதற்கு மேலோ இருந்து, ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று பட்டால் பிடிகாரரை அனுப்புவார்கள். "எங்க வீட்டுக்காரர் ஒம்போதுங்கறார்" என்றார் அண்ணி.

பிடிகாரர் வந்தார். சுருக்குக் கம்பு, கயிறு, கறுப்பு டேப். வாயை டேப்பால் சுற்றினபின் அளந்தார். ஆறடி நாலு அங்குலம்.

"வாலை நிமித்தாம அளக்கறார்" என்றார் அண்ணன், தமிழில், எங்களைப் பார்த்து.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலும் ஒரு வகை உண்டு.

வண்டி கிளம்பும்போதுதான் அண்ணன், எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேட்டார். காட்டில் விடுவதில்லை. இடம் மாற்றி விட்டால் பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்து வரும். வராவிட்டாலும் விட்ட இடத்தில் ஏற்கெனவே இருப்பவற்றோடு மல்லுக்கட்டும். ஆகவே பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். தோலும் கறியும் பிடிகாரருக்கு. அவருக்கு வரும்படி பெரிதும் அதில்தான். 1967-இல் அழியும் இனம் என்று பட்டியலில் ஏற்றிக் காப்பாற்றி, 1987-இல் மீண்டுவிட்டது என்று அறிவித்த பிராணி. இன்று எண்ணிக்கை ஏராளம், ஒன்று போனால் இனத்துக்குக் குறைவில்லை. இந்த நியாயமெல்லாம் முட்டைகூட நுழையாத அந்த வீட்டில் எடுபடுமா? இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நீதானே ஒம்போதுன்ன" என்றார் அண்ணி. அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நீளம் கசந்தது.

காலியான குளம் காலியாகவே கிடப்பதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வேறொரு ஜோடிக் கண் மிதந்தது. நல்ல பருமன். ஆனால் அண்ணி காதுபட அண்ணன் இன்றுவரை அதை மூணே முக்கால் அடிக்கு மேல் ஒத்துக்கொண்டதில்லை.

இப்போது மகளுக்கு கெய்ன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே அணிக்குப் பெயரே கேட்டர்ஸ் என்பதில் அண்ணனுக்கு ஏதோ குலதெய்வமே கூடவந்த திருப்தி. வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போகலாமென்று யோசனை. போன சனிக்கிழமை ஒரு ஜோடி வீடு பார்க்க வந்தது. நம்மவர்கள்தான், இடுப்பில் ஒரு குழந்தை. வாசல் திசை கேட்டார்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள். அண்ணன் திரையை விலக்கி, வாட்டர் வியூவைக் காட்டி, தான் கொடுத்த பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். அந்தப் பெண் கண்ணாடிக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், அது என்ன, அந்த ஓரமா, நீளமா?"

அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்பது, பன்னிரண்டு, மூணே முக்கால், எல்லாமே தொண்டையில் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன.

பின்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"கட்டைம்மா அது. காத்தடிச்சா நகரும்."