டைட்டில்ல பேர் போடறேன்!

ரிசர்வ் வங்கி அச்சடிக்காத நோட்டு ஒன்று செஞ்சி வட்டாரத்தில் புழங்குகிறது. அதற்குப் பெயர் ‘நன்றி கார்டு’. படம் தொடங்கும் முன் திரையில் ‘நன்றி: இன்னார், இன்னார், மற்றும் ஊர்ப் பொதுமக்கள்’ என்று ஓடுமே, அதுதான். இதைக் கொடுத்து பால், டீ, திண்ணை, டிராக்டர், ஒரு நாள் வாடகைக்கு எருமை எல்லாம் வாங்கலாம். அச்சடிப்பவர், நம்ம சின்ன பட்ஜெட் டைரக்டர்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் துண்டு, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் ஸ்கிரிப்ட், ஸ்கிரிப்டுக்குள் அடகுக்கடை ரசீது. கோடம்பாக்கத்தில் பத்து வருஷம் உதவி இயக்குநராக இருந்தவர். “நான் எடுக்கறது சுயாதீனப் படம்ணே” என்பார். தயாரிப்பாளர் போனை எடுப்பதில்லை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

மேல்சித்தாமூருக்கு அவர் வந்தது ஒரு திண்ணையைத் தேடி. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் இது. சமண நயினார் ஒருவர் வீட்டுத் திண்ணையைப் பார்த்ததும் நம்மவர் இரண்டு கையாலும் சட்டம் பிடித்து, ஒரு கண்ணை மூடி, “ஐயா, டைட்டில்ல உங்க பேரை முதல்ல போடறேன்” என்றார். பெரியவர் திண்ணையைக் கொடுத்தார். சாப்பாடும் போடுவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் பந்தி முடிந்துவிடும், இருட்டினால் அடுப்பு எரியாது.

சினிமாக்காரர்களுக்குப் பொழுது சாயும் நேரத்து வெளிச்சம் தங்கம். அந்த இருபது நிமிஷத்துக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த நேரம் வந்தது. “லைட் வந்துடுச்சு!” என்று கேமராமேன் தெருவில் நின்று கத்தினார். “இலை போட்டாச்சு!” என்று பெரியம்மா உள்ளேயிருந்து கத்தினார். யூனிட் எந்தப் பக்கம் ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் அந்திக் காட்சி ஒன்றுகூட இல்லை.

நன்றி கார்டு செல்லாத கவுன்ட்டர் ஒன்று உண்டென்றால் அது செஞ்சிக் கோட்டை. தொல்லியல் துறை வசம் இருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. படம் பிடிக்க முன் அனுமதி வேண்டும், நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். “மத்திய அரசுக்கும் டைட்டில்ல பேர் போடறேன்னு சொல்லிப் பாருங்களேன்” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகிற வழியில் ஒரு பாறைக்குன்றின் முன்னால் டிரைபாடை நிறுத்தினார். இந்தப் பக்கம் குன்றுக்கா பஞ்சம்? ராஜகிரிக் கோட்டையை அடுத்த ஷெட்யூலில் கம்ப்யூட்டரில் கட்டிக்கொள்வாராம்.

கூட்டத்துக்கும் அவர் காசு கொடுப்பதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம். ஊரே கொள்ளாத ஜனம், ஒருவருக்கும் பேட்டா கிடையாது. கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பிரமாதமான ஷாட் கிடைத்தது. ஆனால் கூடப் போன ஹீரோவின் அம்மாவுக்குப் பழைய வேண்டுதல் ஞாபகம் வந்துவிட்டது. முடியோடு போன ஹீரோ மொட்டையோடு திரும்பினான். ஆக, படத்தில் அவன் சுருள்முடியோடு வீட்டுக்குள் நுழைகிறான், தண்ணீர் குடிக்கிறான், மொட்டைத்தலையோடு வெளியே வருகிறான். “உள்ள என்ன நடந்துச்சுன்னு ஆடியன்ஸ் யோசிக்கணும்” என்றார் டைரக்டர். நாங்களும் யோசித்தோம்.

அடுத்தது மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை. காதலர்கள் சந்திக்கும் காட்சியைப் பச்சைப் பசேலென்ற கொல்லையில் பாதி எடுத்தார். கையில் இருந்த பணம் தீர்ந்தது. மீதிப் பாதிக்குப் பணம் புரட்டிக்கொண்டு வந்தபோது, செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, மூட்டை செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கே போய்விட்டது. காதலி பச்சையிலும் காதலன் கட்டாந்தரையிலும் நின்றார்கள்.

டைரக்டர் அசரவில்லை. சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’க்கு நாணல் பூத்த வயலில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த முறை போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்தது, மறுபடி பூக்கும் வரை ஒரு வருஷம் காத்திருந்தார் என்று சரித்திரம் சொன்னார். கொல்லைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “அவரு காத்திருந்தாரு, சரி. மல்லாட்டை காத்திருக்குமா தம்பி?”

ராய் கதையில் இன்னொரு பாதி உண்டு. அந்தப் படம் 1955-ல் வெளிவர மேற்கு வங்க அரசுதான் பணம் கொடுத்தது. அதைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதியது. இதைப் படித்த நாளிலிருந்து நம்மவர் ரோடு கான்ட்ராக்டர் யாரைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறார்.

சாயங்காலங்களில் டீக்கடை பெஞ்சில் சர்வதேசம் பேசுவார். ‘கூழாங்கல்’ படம் 2021-ல் ரோட்டர்டாம் பட விழாவில் புலி விருது வாங்கியதைச் சொல்லி, “நம்ம படமும் ரோட்டர்டாம் போகுதுண்ணே” என்பார். “எந்த டேமு? வீடூர் டேமு மாதிரியா?” என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். பிறகு விசாரித்தால், ரோட்டே என்ற ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால்தான் அந்த ஊருக்கே அந்தப் பெயராம். உலக சினிமா விஷயத்தில் எங்கள் ஊரில் சரியாகப் பேசிய ஒரே ஆள் டீக்கடைக்காரர்தான்.

குறைந்த செலவில் எடுத்த தரமான படத்துக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. அந்த 7 லட்சத்தை நம்மவர் ஏற்கெனவே ஒன்பது பேருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். அதில் ஒருவன் நான். என் பைக் இரண்டு ஷெட்யூல் ஓடியது, ஹீரோவின் பைக்காகவும் வில்லனின் பைக்காகவும்.

ஆனாலும் அவர்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாட, அந்தச் சத்தத்தின் நடுவே மரணக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தார். “கட்” சொல்லிவிட்டு அவரே மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பொய் சொல்லிக் கடன் வாங்குகிறவன் அப்படி அழ மாட்டான்.

எனவே, அவர் உங்கள் ஊருக்கு வந்தால் திண்ணையைக் கொடுங்கள். பைக்கைக் கொடுக்கும்போது மட்டும் பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பெயர்கள் இன்னும் எந்தத் திரையிலும் வரவில்லை. அவர் பெயர் மட்டும் டீக்கடைக் கணக்கு நோட்டில் மூன்றாவது பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது.