மொட்டை போட்டதுதான் மிச்சம்!

தீர்க்கதரிசி வேலையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. சொன்னது பலிக்கவேண்டிய நேரத்தில் சொன்னவர் உயிரோடு இருக்கமாட்டார். யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. பாவம் பைபிள் தீர்க்கதரிசி எசேக்கியேல், இருந்து தொலைத்தார்!

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. இன்றைய லெபனான் கடற்கரையில் தீரு என்றொரு வியாபார நகரம். கரையில் கொஞ்சம், கடலுக்குள் தீவில் கொஞ்சம், திமிர் மட்டும் இரண்டு பக்கமும். எருசலேம் விழுந்ததும் 'நமக்கு பிசினஸ் கூடும்' என்று அவர்கள் குதூகலிக்க, பாபிலோனில் சிறைப்பட்டிருந்த எசேக்கியேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வருவான், மதிலை இடிப்பான், சொத்தைச் சுருட்டுவான். கடைசியில் அந்த ஊர் மீன்வலை காயப்போடத்தான் லாயக்கு, இனி கட்டப்படாது என்று அறிவித்துவிட்டார்.

ராஜாவும் வந்தார். முற்றுகை எத்தனை நாள் என்கிறீர்கள்? 13 வருஷம்! நம்மூர் மேம்பாலமே அதற்குள் திறந்துவிடும். சரி, சில மேம்பாலங்கள்.

கடைசியில் கொள்ளை? பூஜ்யம். அதைச் சொல்வது நாத்திகர் இல்லை, சாட்சாத் எசேக்கியேலே! தன் புத்தகத்தின் 29-ஆம் அதிகாரத்தில், சுமந்து சுமந்து சிப்பாய்களின் தலை மொட்டையானது, தோள் தேய்ந்தது, கூலிதான் வரவில்லை என்கிறார். நஷ்டஈடாக எகிப்தை எடுத்துக்கொள்ளட்டுமாம். பழைய அறிவிப்பையும் அவர் புத்தகத்திலிருந்து தூக்கவில்லை. எக்ஸிட் போல் பண்டிதர்களே, கவனிக்கிறீர்களா?

அடுத்து, கி.மு. 332-இல் அலெக்சாண்டர். தீவிலுள்ள கோயிலில் சாமி கும்பிட வேண்டுமென்றார். 'கரையிலும் கோயில் இருக்கிறது, அங்கேயே கும்பிடுங்கள்' என்றார்கள் ஊர்க்காரர்கள். உலகத்தையே வளைக்கக் கிளம்பியவரிடம் சொல்கிற பேச்சா இது? கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டி, தீவுக்கே ரோடு போட்டு, ஏழே மாதத்தில் உள்ளே நுழைந்தார். பக்தியைவிட ஈகோவுக்குத்தான் எப்போதும் நல்ல இன்ஜினியர்கள் கிடைக்கிறார்கள்.

விசுவாசிகளுக்குக் கொண்டாட்டம். கல், மரம், மண்ணைத் தண்ணீரில் போடுவார்கள் என்று எசேக்கியேலின் அறிவிப்பில் வசனமே இருக்கிறதே! அதுவரை 'அவன்' என்றது அந்த இடத்தில் 'அவர்கள்' என்று மாறுகிறதே! ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு 250 வருஷத்தைத் தாண்டிவிட்டார்கள்.

சந்தேகப் பிராணிகள் விடுவார்களா? 'பெயர் போட்டு எழுதியது நேபுகாத்நேச்சாருக்கு, டெலிவரி எடுத்தது அலெக்சாண்டரா? இனி கட்டப்படாது என்றீர்களே, பிற்காலத்தில் அப்போஸ்தலர் பவுல் அங்கே ஏழு நாள் தங்கியிருக்கிறாரே!' 'அது வேற தீரு' என்று பதில் வருகிறது.

ஊர் சூர் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அலெக்சாண்டர் போட்ட ரோட்டில் மணல் சேர்ந்து சேர்ந்து தீவே கரையோடு ஒட்டிக்கொண்டது. அங்கே மீனவர் வலையைக் காயப்போட்டால், 'பார், வசனம்!' என்பார் ஒருவர். 'வலை இருந்தால் மீனவர் இருக்கிறார், மீனவர் இருந்தால் ஊர் இருக்கிறது' என்பார் மற்றவர். எசேக்கியேல் மட்டும் அங்கே நின்றிருந்தால், இரண்டையும் எழுதிவைத்திருப்பார்.