வாடகை கேட்கக் கூசுபவர்

வாடகை கேட்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்பவர் எவரோ, அவரே புது வீட்டுக்காரர். பழைய வீட்டுக்காரருக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. ஒன்றாம் தேதி காலை மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே குடித்தனக்காரர் கை பர்ஸுக்குப் போய்விடும்.

நம்மவர் வேறு ஜாதி. மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேடவாக்கம் பக்கம் இவரை நிறையப் பார்க்கலாம். ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பியிருப்பார். பையன் அமெரிக்காவிலிருந்து வந்தால் தங்குவதற்கு என்று கட்டியது. பையன் வரவில்லை, குடித்தனம் வந்தது. தாமே முப்பது வருஷம் வாடகை வீடுகளில் இருந்தவர். ஆணி அடிக்காதே, பத்து மணிக்கு மேல் கேட் திறக்காது, ஊரிலிருந்து வந்த மாமியார் எப்போது கிளம்புகிறார் என்பதையெல்லாம் கேட்டு நொந்தவர். 2019 பிப்ரவரியில் ‘டூலெட்’ படம் வந்தபோது, வீடு தேடி அலையும் அந்தக் குடும்பத்தைப் பார்த்துத் தியேட்டரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டவர். நாளைக்குத் தாம் வீட்டுக்காரரானால் மனுஷனாக நடந்துகொள்வது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். அதே பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டமும் அமலுக்கு வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. படத்துக்கு விமர்சனம் எழுத ஆள் இருக்கிறது, சட்டத்துக்கு யார் எழுதுகிறார்கள்?

வீடு பார்க்க ஆள் வந்தபோது நம்மவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சம்பளம் என்ன, முன்பு இருந்த வீட்டை ஏன் விட்டீர்கள் என்றெல்லாம் கேட்பது அநாகரிகம் என்பது அவர் எண்ணம். வந்தவர்தான் கேட்டார். மெட்ரோ வாட்டர் வருமா, ஈபிக்குத் தனி மீட்டரா, பால்கனிக்குக் கிரில் போட்டுத் தருவீர்களா? ஊரெல்லாம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்க, இவர் ஐந்து மாதம் போதும் என்றார். இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம். அதுகூட ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்தானது. “எழுத்தெல்லாம் சும்மா சம்பிரதாயத்துக்கு, நமக்குள்ள வாய் வார்த்தை போதும்” என்று சொன்னதும் குடித்தனக்காரர் அல்ல, நம்மவரேதான்.

பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது ஊரறிந்த பழைய தந்திரம். 2017இல் இயற்றி 2019இல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. பதினோரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தனியாக வேறு எதுவும் பேசிக்கொள்ளாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. சென்னை அதைப் படித்துவிட்டு வழக்கம்போலப் பத்து மாதம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் மூன்று மாதம் வாடகை ஒன்றாம் தேதி வந்தது. பிறகு ஐந்தாம் தேதி. பிறகு பதினெட்டு. அதற்கப்புறம் தேதி என்ற பேச்சே நின்று, “இந்த வாரம் பாத்துடலாம் சார்” ஆயிற்று. குடித்தனக்காரர் கெட்டவர் அல்லர். அதுதான் பெரிய சிக்கல். குடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, படியில் எதிர்ப்பட்டால் பையை வாங்கிக்கொண்டு மேலே வரைக்கும் வருவார். “நீங்க எனக்கு அப்பா மாதிரி சார்” என்பார். நம்மவர் இரண்டு நாள் அந்தச் சொல்லில் உருகிக் கிடந்தார். மூன்றாம் நாள் வீட்டம்மாதான் விளக்கினாள்: “எந்தப் பிள்ளை அப்பாவுக்கு வாடகை குடுத்திருக்கான்?”

நேராகக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்மவர் செய்து பார்த்தார். குடித்தனக்காரர் ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்து மாடிப்படியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், செடி அழுகியது. கடன் பட்டவன் தூங்க மாட்டான் என்ற பொருளில் ஒரு காலை வணக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். உடனே கும்பிடு வந்தது, கூடவே ஒரு ரோஜாப்பூவும். விநாயகர் சதுர்த்திக்குத் தட்டு நிறையக் கொழுக்கட்டை மேலே போனது. தட்டு காலியாக வரக் கூடாதென்று அதில் கேசரி வைத்து அனுப்பினார்கள். வாடகைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கடைசியில் புரோக்கருக்குப் போன் செய்தார். “சாவி கை மாறுற வரைக்கும்தான் சார் நம்ம வேலை” என்று அவர் வைத்துவிட்டார்.

ஒருநாள் துணிந்து வாயைத் திறந்துவிட்டார். “அந்த... வாடகை விஷயமா...”

“அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்!” என்றார் குடித்தனக்காரர், ஏதோ தானம் கொடுப்பவர் முகத்தோடு.

நம்மவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அட்வான்ஸ் பணம் பால்கனி கிரில்லாக மாறி மேலே நிற்பது பாதிப் படியில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த தெருவில் நான்கு போர்ஷன் வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர் ஒருவர். யோசனை கேட்கப் போனால் காப்பி கொடுத்து, “மோட்டாரை நிறுத்துங்க, ரெண்டே நாள்ல ஆள் காலி” என்றார். நம்மவர் நிறுத்தினார். ஆனால் வீட்டுக்கு ஒரே டேங்க். மத்தியானத்துக்குள் கீழ்வீட்டுக் குழாயும் வறண்டது. சாயந்திரம் மேலே இரண்டு தண்ணீர் கேன் போயின. மூன்றாவதைக் குடித்தனக்காரரே தூக்கிவந்து இறக்கி, “ஆன்ட்டியால குனிஞ்சு தூக்க முடியாதே” என்றார். கேனுக்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை.

டேங்க் ஒன்றாக இருந்தது நம்மவர் செய்த புண்ணியம். வாடகை எத்தனை மாதம் பாக்கியிருந்தாலும் தண்ணீரையும் கரன்ட்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. மேலே இருப்பவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு போட்டிருந்தால், கொடுக்காதவர் வாதியாகவும் வாங்காதவர் பிரதிவாதியாகவும் நின்றிருப்பார்கள். வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது, ஃபியூஸைப் பிடுங்குவது, ‘தெரிந்த பையன்கள்’ நாலு பேரை அனுப்புவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். பழைய வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் வீரக்கதையாகச் சொல்வார்கள். கோர்ட்டுக்கு அலைந்த பகுதியைச் சொல்வதில்லை.

உள்ள வழி சப்பென்றுதான் இருக்கும். இரண்டு மாத வாடகை நின்றால் பாக்கியைக் கேட்டு முறையாக ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் பணம் முழுதாக வரவில்லையென்றால் காலி செய்ய உத்தரவு கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே போனால் முதலில் பதிவான ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள். ஸ்கூட்டர் சீட்டில் எழுதியதை நீட்டினால் வக்கீல் பெருமூச்சு விடுவார்.

நம்மவர் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். “அன்புள்ள தம்பிக்கு” என்று தொடங்கி, குழந்தையின் இருமலை விசாரித்து, விலைவாசி பற்றி ஒரு பத்தி எழுதி, “தங்களுக்குச் சௌகரியப்படும்போது” என்று முடித்தபோது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தாள். அப்படியே மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று நான்கு வரி சொன்னாள். வக்கீல் அதைத் தம் தாளில் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பத்தாம் நாள் பாக்கி முழுவதும் வந்தது. குடித்தனக்காரரும் வந்தார், முகத்தில் கோபமே இல்லாமல். “இதை முன்னாடியே அனுப்பியிருக்கக் கூடாதா சார்? ஆபீஸ்ல காட்டி அப்பவே லோன் வாங்கியிருப்பேன்” என்றார். நம்மவருக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. புது ஒப்பந்தத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றதற்கும் உடனே தலையாட்டினார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, “பதியறதுன்னு ஆயிடுச்சு, வாடகையில ஒரு ஆயிரம் கொறச்சுப் போட்டுக்கலாமா சார்?” என்றார்.

யோசிக்கிறேன் என்று நம்மவர் வாயெடுப்பதற்குள், “முடியாது” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.