நட்சத்திரம் வெட்கப்படாது

கேள்வி: காவலூர் வானோக்கு நிலையத்தில் வானத்தைப் பார்ப்பது விஞ்ஞானம், சரி. மனசைப் பார்க்கும் உளவியலுமா விஞ்ஞானம்? மனசைச் சோதனைக்கூடத்தில் வைக்க முடியுமா?
– ஜமுனாமரத்தூர் வாசகர்

பதில்: சோதனைக்கூடம்தான் கணக்கு என்றால் முதலில் மூட்டை கட்டவேண்டியது காவலூர்தான். நட்சத்திரத்தைக் குடுவையில் போட்டுக் காய்ச்சியவர் அங்கே யாருமில்லை! 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கிரகம் வந்து சேருமுன்பே நட்சத்திரம் ஒரு முறை மங்கியது. விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவும் அப்படி மங்கியதைப் பதிவு செய்திருந்தது. காரணம், யுரேனஸின் வளையங்கள். யார் பார்த்தாலும் சரிபார்க்க முடிந்தது பாருங்கள், அதுதான் விஞ்ஞானம்.

உளவியலுக்கு இதில் பாடு அதிகம். உற்றுப் பார்த்தால் நட்சத்திரம் வெட்கப்படாது. மனிதன் உடனே நல்லவனாகிவிடுவான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். நாற்பதுகூடத் தேறவில்லை. மானம் போயிற்றுதான். ஆனால் அந்த மறுதேர்வை நடத்தியவர்களே உளவியல்காரர்கள்! என் கணக்கில் அதற்கே பாஸ் மார்க் போடலாம்.

தன் பழைய பலன்களில் நூறை எடுத்து இப்படித் திருத்திப் பார்த்த ஜோசியர் யாராவது உங்கள் மலைப்பக்கம் இருந்தால், விலாசம் அனுப்புங்கள்.