கராஜில் குடியிருக்கும் பெங்குவின்

மெல்பர்னின் ட்ருகனினாவில் கராஜ் என்பது காருக்கானது அல்ல. வீடு வாங்கும்போது இரட்டைக் கார் கராஜ் இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். குடிவந்த ஆறாம் மாதம் இரண்டு காரும் டிரைவ்வேயில் நின்று வெயில் காயும். ஒரு வீட்டுக் கராஜில் சோனா மசூரி மூட்டைகளும் இரண்டாவது ஃப்ரிட்ஜும். இன்னொன்றில் யாரும் ஏறாத ட்ரெட்மில். அடுத்ததில் கொலுப் படி. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ரோலர் கதவைத் தூக்கினால் பதினேழு லேப்டாப்கள் அடுக்கியிருக்கும். பாதிக்குச் சார்ஜர் கிடையாது. சார்ஜர்கள் தனியாக ஒரு பக்கெட்டில் இடியாப்பம் மாதிரிச் சிக்கிக் கிடக்கும். அவற்றில் பாதிக்கு லேப்டாப் கிடையாது.

அந்த வீட்டுக்காரர்தான் லினக்ஸ் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு லினக்ஸ் அண்ணை. பெயரைச் சொன்னால் விழிப்பவர்கள்கூட, "பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிட்டுப் போவாரே" என்றால் லீக்ஸ் ரோட்டிலிருந்து டார்னீட் ஸ்டேஷன் வரைக்கும் வழி சொல்லிவிடுவார்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியோடு இரண்டு யூஎஸ்பி குச்சிகள் தொங்கும். ஒன்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட், மற்றதில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு லினக்ஸான டெபியன். டீ-ஷர்ட்டில் ஏதோ ஒரு மாநாட்டின் பெயர் துவைத்துத் துவைத்து ஆவியாகிவிட்டிருக்கும். லினக்ஸ் சின்னமான பெங்குவினின் வயிறு மட்டும் மிச்சம். சனிக்கிழமை காலை தெருவில் மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு போனால் வாடகைக்கு வீடு பார்க்கிறார் என்று நினைக்கக்கூடாது. யார் வீட்டு வாசலில் ஹார்ட் ரப்பிஷ் என்று பழைய சாமான்களை வெளியே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார். விக்டோரியாவில் 2019 ஜூலை 1 முதல் மின்கழிவைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது என்று சட்டம். சட்டம் வந்தபோது அதைக் கொண்டாடிய ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

பிறந்தநாள் விழாக்களில் இவரைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடன் வட்டி பற்றிப் பேச்சு ஓடும். இவர் பஜ்ஜியில் இருப்பார். செலக்டிவ் ஸ்கூல் பரீட்சை பற்றிப் பேச்சு, பஜ்ஜி. எங்கோ மூலையில் ஒருவர், "லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா" என்று முனகினால் போதும், டாக்டர் காதில் இருமல் விழுந்த மாதிரித் தட்டைக் கீழே வைத்துவிடுவார். மூன்றே கேள்விகள். ரேம் எவ்வளவு? ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா? கடைசியாக, "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்கிற அதே தாழ்ந்த குரலில், "விண்டோஸா?"

2025இல் தீபாவளி அக்டோபர் 20. இவருக்கு மட்டும் ஆறு நாள் முன்னதாகவே, 14ஆம் தேதியே வந்துவிட்டது. அன்றுதான் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்கள் ஒரே நாளில் தகுதி இழந்தன. "நல்லா இருக்கிற வண்டியை, புதுப் பெட்ரோல் ஒத்துக்காதுன்னு ஸ்கிராப்ல போடச் சொல்றான்" என்று அண்ணா வாட்ஸ்அப் குழுவில் குமுறினார். அடுத்த வரியிலேயே தம் வீட்டு முகவரியைப் போட்டார். கராஜில் மூன்று லேப்டாப் பதினேழானது அந்த மாதத்தில்தான். சாதாரண வீட்டுப் பயனர்கள் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளவும் மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருந்தது. அதை மட்டும் அண்ணா யாரிடமும் வாய்விடவில்லை. பொய் சொல்லமாட்டார், ஆனால் எல்லா உண்மையையும் சொல்லவேண்டும் என்று சத்தியம் செய்தவரும் அல்ல.

இந்தப் பித்து சென்னையில் பிடித்தது. உபுண்டு லினக்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் காசில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 வரை அந்தத் தருமம் நடந்தது. வெளிநாட்டு உறையில், தம் பெயருக்கு, தபால்காரர் கையிலிருந்து வந்த முதல் பொருள் அதுதான். பிறகு 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்காக ஐஐடி வளாகத்துக்கு நடை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தபோது அந்த அலுவலகமே சூஸே லினக்ஸுக்கு மாறியதையும், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததையும் அண்ணா சொந்த ஊர்த் தேர்த் திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்வார். அந்த லேப்டாப் வாங்கிய அவருடைய அக்கா மகளிடம் கேட்டால், "ஆன் பண்ணும்போது பாஸ்னு ஒண்ணு வரும் மாமா, கீழ அமுக்கி விண்டோஸுக்குப் போயிடுவோம்" என்கிறாள். இதை அவர் தேர்த் திருவிழாவில் சேர்ப்பதில்லை.

"இலவசம்" என்ற சொல்லை அவர் முன் சொல்லக்கூடாது. ஆங்கிலத்தில் காசில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல்தான். அந்தக் குழப்பத்தை விளக்கியே இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு ஆயுள் கழிகிறது. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை, "கட்டற்ற மென்பொருள்" என்று அழகாகச் சொல்லிவிட்டோம் என்பது அண்ணாவின் பெருமை. 2012இல் 'கணியம்' மின்னிதழ் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தியதில்லை. ஐந்து நிமிடம் உருகி விளக்குவார். எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு, "ஆக, ஃப்ரீதானே?" என்பார்.

பிரிண்டர் விஷயத்துக்கு வருவோம். வந்துதான் ஆகவேண்டும். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகிற மாதிரி நிரலைத் திருத்தலாம் என்று ஸ்டால்மன் பார்த்தார். நிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கடுப்பு வளர்ந்து வளர்ந்துதான் 1983இல் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனூ திட்டம் வந்தது. ஆக, இத்தனை பெரிய இயக்கமே ஒரு பிரிண்டர் மக்கர் பண்ணியதால் பிறந்தது. நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் 2017 நவம்பர் முதல் ஓடுவது லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதுதான். ட்ருகனினாவில் வாரம் தவறாமல் அண்ணாவுக்கு வருகிற அழைப்பு மட்டும் மாறவில்லை: "அண்ணா, எல்லாம் நல்லா இருக்கு. பிரிண்ட்தான் வரலண்ணா."

ஒருமுறை வந்த அழைப்பு வேறு மாதிரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணத்தவர், இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடிப்பவர். அவருடைய லேப்டாப்புக்கு முந்தின வாரம்தான் அண்ணா ஞானஸ்நானம் செய்துவைத்திருந்தார்.

"தம்பி, அம்மாவைக் காணேல்லை."

அண்ணா பதறிவிட்டார். "எப்பத்துல இருந்துக்கா? போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"அந்த அம்மா இல்லை. முதலாம் வகுப்புப் பேப்பரில அம்மா எண்டு அடிச்சிருந்தனான். இப்ப எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு கிடக்கு. ஆட்டையும் இலையையும்கூடக் காணேல்லை."

விஷயம் சின்னது. பாமினியில் தமிழ் எழுத்தின் உருவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒட்டவைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் ஒட்டு கழன்று அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும். எழுத்துருக் கோப்பை அதற்குரிய அடைவில் போட்டால் இரண்டு நிமிடத்தில் அம்மா வந்துவிடுவார். அண்ணா அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்பாக நாற்பது நிமிடம் யூனிகோடின் அவசியம் குறித்து உரையாற்றினார். ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். முப்பது பிள்ளைகளை மேய்ப்பவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்? முடிவில், "எல்லாம் சரி தம்பி. பாமினியைப் போட்டுவிடுங்கோ, பிள்ளையள் வந்திடுவினம்" என்றார்.

அண்ணாவின் நாட்டுப்பற்றும் இதே வழியில்தான் ஓடும். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய அன்று எல்லாரும் கங்காருவோடு படம் எடுத்துக்கொள்ள, இவர் கான்பெராவைப் பற்றிப் பேசினார். 1993இல் அங்கே வந்திருந்த, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸை ஒரு குட்டிப் பெங்குவின் கடித்துவிட்டது என்பது கதை, சொன்னவரே டோர்வால்ட்ஸ்தான். 1996இல் லினக்ஸுக்குச் சின்னம் தேடியபோது அவர் மனம் பெங்குவின்மேல் போனதற்கு அந்தக் கடியும் ஒரு காரணம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அண்ணா பிலிப் தீவுக்கு அழைத்துப் போவார். அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து பெங்குவின்கள் வரிசையாகக் கரையேறும். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். அண்ணா மட்டும் மாமனார் காதில், "இந்த ஜாதிதான் மாமா கடிச்சது" என்பார்.

கான்பெராக்காரர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் கதை இன்னும் நீளம். லினக்ஸ் நிரலர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருள் எப்படிப் பேசுகிறது என்று அவர் நோண்டிப் பார்க்கப் போய், அந்த நிறுவனம் கோபித்துக்கொண்டு ஓசி உரிமத்தை நிறுத்த, டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் சில நாட்களிலேயே 'கிட்' என்ற மாற்றை எழுதிவிட்டார். அப்படி என்னதான் நோண்டினார் ட்ரிட்ஜெல்? சர்வரோடு இணைத்து 'ஹெல்ப்' என்று தட்டினார், அவ்வளவுதான். இன்று உலகத்து நிரலர்களில் பெரும்பாலோர் பிழைப்பு கிட்டில் ஓடுகிறது. அண்ணாவுக்கு இது மகாபாரதம், கான்பெராதான் குருக்ஷேத்திரம். 1999இல் ரஸ்டி ரஸ்ஸல் தம் சொந்த கிரெடிட் கார்டை நம்பி நாட்டின் முதல் லினக்ஸ் மாநாட்டை மெல்பர்னில் நடத்தியது இந்தக் காவியத்தின் கிளைக்கதை. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணாவின் மனைவி கிரெடிட் கார்டைத் தம் பையில் வைத்துக்கொள்கிறார்.

பகையும் பழசாகாது. ஆஸ்திரேலிய வரித்துறையின் இ-டாக்ஸ் மென்பொருள் வெகுகாலம் விண்டோஸில் மட்டும்தான் ஓடியது. மேக்குக்கு 2013இல்தான் வந்தது. லினக்ஸுக்கு வரவேயில்லை. பிறகு எல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டதால் இன்று யாருக்கும் சிக்கல் இல்லை. ஆனாலும் வரிக்கணக்குக் காட்டும் ஜூலை மாதம் பிறந்தால் அண்ணா ஒருமுறை அதைச் சொல்லி ஆற்றிக்கொள்வார்.

அவருடைய வாழ்நாள் பொன்னாள் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை பிற்பகல். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. அண்ணா அப்போது கையில் பாலும் கொத்தமல்லிக் கட்டுமாக சூப்பர் மார்க்கெட்டில் நின்றார். செல்ஃப் செக்கவுட் வரிசையில் திரைக்குத் திரை நீலம். முன்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணா அந்த நீலத்தை, திருவண்ணாமலை தீபத்தைப் பார்ப்பதுபோல, கண் இமைக்காமல் பார்த்தார். தவறு மைக்ரோசாஃப்டுடையது அல்ல என்று அன்றிரவு யாரோ குழுவில் எழுதினார்கள். "படுத்தது எது?" என்று மட்டும் பதில் போட்டார். பால் வாங்காமல் திரும்பியதால் வீட்டில் அன்று கடுங்காப்பி.

வீட்டுக்குள் அவருடைய ஆட்சி கராஜ் வாசற்படியோடு சரி. மனைவியிடம் மேக், "எனக்கு வேலை நடக்கணும்ங்க" என்று ஒரே வரியில் விவாதத்தை முடித்தவர். மகனை ஏழு வயதில் லினக்ஸில் உட்காரவைத்தார். பதினோரு வயதில் ஃபோர்ட்நைட் அதில் ஓடாது என்று தெரிந்ததும் பையன் தாத்தாவிடம் போன் போட்டுக் காசு திரட்டி விண்டோஸ் கணினி வாங்கிக்கொண்டான். திங்கள் முதல் வெள்ளி வரை அண்ணாவே அலுவலகம் கொடுத்த விண்டோஸ் லேப்டாப்பில் டீம்ஸ் கூட்டம் நடத்துகிறார். "அது அவங்க மெஷின்" என்பார், அலுவலகச் சாப்பாட்டில் முட்டை கலந்திருந்தால் என்ன செய்வது என்கிற சைவர் மாதிரி.

2024 பிப்ரவரியில் டெஸ்க்டாப் கணினிகளில் லினக்ஸின் பங்கு நான்கு சதவீதத்தைத் தாண்டியதாக ஸ்டாட்கவுன்ட்டர் சொன்னபோது பால் பாயசம் வைத்தார். முப்பது ஆண்டுகளில் நாலு சதவீதமா என்று சிரித்தவர்களும் இரண்டாம் தம்ளர் வாங்கிக் குடித்தார்கள்.

கட்டற்ற மென்பொருளை ஊருக்குக் கொடுத்தவரின் சொந்தச் சனிக்கிழமைகளுக்குத்தான் கட்டு. லேப்டாப்பை மாற்றிக் கொடுத்த அன்றே அந்த வீட்டின் வைஃபை, டிவி ரிமோட், மருமகனின் மைகவ் அரசுத் தளப் பாஸ்வேர்ட், சிலசமயம் மைக்ரோவேவ் வரை அவர் பொறுப்புக்கு வந்துவிடும். விண்டோஸ் பழுதானால் மைக்ரோசாஃப்டைத் திட்டலாம். லினக்ஸ் பழுதானால் நாலாவது வீட்டு அண்ணா இருக்கிறார். ஒரு பைசா வாங்கமாட்டார். சுண்டல் கொடுத்தால் மறுக்கமாட்டார்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து ஆறு மாதமாக அழைப்பே இல்லை. மகனோடு இருந்துவிட்டுப் போக வந்த கும்பகோணத்து அம்மா. பன்னிரண்டு வயதான லேப்டாப்பில் அண்ணா மின்ட் போட்டுக் கொடுத்திருந்தார். புகார் வராதது உறுத்தியது. ஒரு சனிக்கிழமை அவரே போய் நின்றார். அம்மா சமையலறை மேடையில் லேப்டாப்பைச் சாய்த்துவைத்து, வாழைக்காய் நறுக்கியபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். விசைப்பலகை ஓரத்தில் விபூதிக் கீற்று.

"எப்படிம்மா இருக்கு லினக்ஸு?"

"யாரு தம்பி அது? நம்ம தெருவா?"

அண்ணா திரையைக் காட்டினார்.

"ஓ, இதுவா. மூலையில பச்சையா ஒண்ணு இருக்கு, அமுக்கினா வருது. வேறென்ன? காபி சாப்பிடுறியா?"

அண்ணா உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று அப்டேட்கள் காத்திருந்தன, எல்லாவற்றையும் போட்டார். ஒன்றும் கெடவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து செருப்பில் கால் நுழைக்கும்போது அம்மா கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. பிரதோஷத்துக்குச் சுலோகம் எடுக்கலாம்னு பார்த்தேன். பிரிண்ட்தான் வரமாட்டேங்குது."

அண்ணா செருப்பைக் கழற்றினார்.